கடல் பச்சையாயிருச்சு, மீன் செத்து ஒதுங்குது: இது கிருமிப் போரா, ஆட்டை வித்துரணுமா?

கேள்வி: சார், எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் பக்கம். நாலு நாளா கடல் பச்சையா கெடக்கு, ஒரே நாத்தம், களவா, ஓரா, விலாங்குன்னு செத்து ஒதுங்குது. வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் வந்து கிருமிய கொட்டிட்டுப் போயிருச்சு, இது பயோ வார்னு வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ சுத்துது. மீன் சாப்பிடலாமா? அம்மா வளக்குற ஆடுக கரையிலதான் மேயுது, வித்துரலாமான்னு கேக்குறாங்க. நெசமாவே எவனாச்சும் அப்படி பண்ணுனா நம்ம தீவு, ஆவுளியா (கடல் பசு) எல்லாம் என்ன ஆகும்?

பதில்: தம்பி, சாப்பாட்டு விஷயத்த மொதல்ல முடிச்சிருவோம். செத்து ஒதுங்குன மீனை எடுக்காதீங்க, கருவாட்டுக்கும் வேண்டாம், கோழித் தீவனத்துக்குன்னு வந்து கேக்குறவனுக்கும் குடுக்க வேண்டாம். பச்சைத் தண்ணி இல்லாத எடத்துல உசுரோட புடிச்ச மீன்னா சாப்பிடலாம். மட்டி, சிப்பி மட்டும் கடல் தெளியுற வரைக்கும் தொடாதீங்க, அதுக தண்ணிய வடிகட்டித் திங்குற ஜீவன், தண்ணில என்ன இருந்தாலும் அதோட உடம்புல சேந்துரும்.

நீங்க சொல்ற அடையாளத்துக்கு எனக்கு மொத சந்தேகம் நாக்டிலூகான்னு ஒரு நுண்ணுயிர் மேலதான். கச்சான் (தென்மேற்குக் காத்து) ஓஞ்சு வாடை (வடகிழக்குக் காத்து) தொடங்குறதுக்கு முன்னாடி, காத்து இல்லாம கடல் கெடக்கும் பாருங்க, அந்த நேரத்துல இது கோடிக்கணக்குல பெருகும். 2008 அக்டோபர்லயும் 2019 செப்டம்பர்லயும் மன்னார் வளைகுடாவுல இதே கதைதான், 2019ல சிங்கிள் தீவு பக்கம் மீனோட சேந்து பவளப்பாறையும் செத்துச்சு. இது யாரையும் கடிச்சுக் கொல்றதில்ல, தண்ணில இருக்குற ஆக்சிஜன் கொறஞ்சு போயி மீன் மூச்சு முட்டிச் சாகுது. ஒரு மீனை எடுத்து (கையில கவர் மாட்டிக்கிட்டு) செவுள் மூடிய தூக்கிப் பாருங்க, உள்ள கொழகொழன்னு பச்சையா ஒட்டிக்கிட்டு இருந்தா இந்த சந்தேகம் இன்னும் வலுக்கும். ராத்திரி துடுப்பு போட்டா தண்ணி நீலமா மின்னுச்சுன்னா அதுவும் ஒரு அடையாளம்.

வாட்ஸ்அப் ஆடியோவ நம்புறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு கேள்வி கேளுங்க, எது எது செத்துருக்கு? பல வகை மீன் ஒரே நாள்ல மொத்தமா செத்தா கோளாறு பெரும்பாலும் தண்ணில. ஒரே ஒரு வகை மட்டும், அதுவும் நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போனா அது நோயா இருக்கலாம், ஏன்னா கிருமி ஆள் பாத்துதான் ஏறும். மீனு, அதத் தின்ன காக்கா, நாய் எல்லாம் சேந்து விழுந்தா விஷத்த சந்தேகப்படணும். இத வச்சு முடிவு கட்டிர முடியாது, ஆனா மீன்வளத்துறை ஆபீஸுக்கு போன் பண்ணும்போது இந்த விவரம்தான் அவங்களுக்கு வேணும்.

அடுத்து அந்தக் கப்பல் கதை. கிருமிய ஆயுதமா வச்சிருக்குறவன் கடல்ல கொண்டாந்து கொட்ட மாட்டான். உப்பு, வெயிலு, நீரோட்டம்னு முக்கால்வாசி அங்கயே செத்துரும், எங்க போய்ச் சேரும்னு அவனாலயே சொல்ல முடியாது. உண்மையில ஆயுதம் செஞ்ச நாடுக பெரும்பாலும் நெலத்தைத்தான் பாத்துச்சுக. இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டன்காரன் ஜெர்மனி மாடுகளைக் கொல்றதுக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமி வச்ச தீவன வில்லை 50 லட்சம் செஞ்சு வச்சான், கடைசில போடல. அமெரிக்கா கோதுமைத் துரு நோய், நெல்லுல வர்ற குலை நோய் இதெல்லாம் மூட்டை கட்டி வச்சிருந்துச்சு, 1969ல அவங்க அதிபர் நிக்சன் நிறுத்துனாரு. மனுசன் மேல மட்டுமில்ல, மாடு, நெல்லு, கோதுமைன்னு சோத்து மேலயும் குறி இருந்துச்சு. 1975லேர்ந்து இதுக்கெல்லாம் சர்வதேசத் தடை ஒப்பந்தம் அமலுல இருக்கு, இந்தியாவும் அதுல இருக்கு, ஆனா அணு ஆயுதத்துக்கு இருக்குற மாதிரி நேர்ல போய் சோதனை போடுற ஏற்பாடு அதுல கெடையாது, அதான் அதோட பெரிய ஓட்டை.

நெசமா நடந்தா என்ன ஆகும்னு கேட்டீங்கல்ல, அதுக்கு ஸ்காட்லாந்து பக்கம் இருக்குற குருயினார்டுங்குற தீவைப் பாருங்க. கிட்டத்தட்ட 200 ஹெக்டேர், நம்ம குருசடைத் தீவை விட பெருசு. 1942ல அங்க செம்மறி ஆடுகளைக் கட்டிப் போட்டு அடைப்பான் குண்டு வெடிச்சுப் பாத்தாங்க, ஆடுக சில நாள்ல செத்துப் போச்சு. போர் 1945ல முடிஞ்சிருச்சு, ஆனா அந்த மண்ணுல மனுசன் காலு வைக்கலாம்னு அரசாங்கம் சொன்னது 1990ல. அதுக்கும் முன்னாடி 1986ல 280 டன் ஃபார்மால்டிஹைட கடல் தண்ணில கலந்து தீவு மேல ஊத்துனாங்க. அந்த மருந்து கிருமிய மட்டும் பாத்துக் கொல்லுமா, மண்ணுல இருக்குற புழு பூச்சியும்தான் சேந்து போகும். சுத்தம் பண்றதே இன்னொரு அழிவுங்குறத யாரும் கணக்குல எடுக்குறதில்ல. 1979ல சோவியத்துல ஸ்வெர்ட்லோவ்ஸ்க் ஊர் ஆயுத ஆலையிலேர்ந்து இதே கிருமி காத்துல கசிஞ்சப்போ 60 பேருக்கு மேல செத்தாங்க, காத்து போன திசையில 50 கிலோமீட்டர் வரைக்கும் கிராமத்து ஆடு மாடுக விழுந்துச்சு. அது தாக்குதல்கூட இல்ல, வெறும் கசிவு.

நம்ம பக்கம் எனக்கு பயம் ஆவுளியா மேலதான். சில நூறுதான் மிச்சம், ஒண்ணு கன்னு போட்டா அடுத்ததுக்கு வருசக்கணக்குல ஆகும். 1988ல ஐரோப்பாவுல வடகடல் பக்கம் ஒரு வைரஸ் புகுந்து சுமார் 18,000 சீல் செத்துச்சு, எவனும் ஏவி விடல, இயற்கையா வந்தது. சீலு கூட்டம் பெருசு, ஓரளவு மீண்டு வந்துச்சு. ஆவுளியாவுல பத்து இருபது போனாலே நமக்கு ஈடு கட்ட முடியாது.

ஆனா ஒண்ணு, இந்தக் கடல்ல வெளியிலேர்ந்து வந்து எடம் புடிச்சதெல்லாம் எதிரி அனுப்புனதில்ல. பெப்சி பாசின்னு சொல்றோமே, அந்தக் கப்பாஃபைகஸ் பொழப்புக்காக நாமளே கொண்டாந்தது, 2008ல குருசடைப் பக்கம் பவளம் மேல ஏறிப் படர்ந்திருக்குறத ஆராய்ச்சியாளருங்க எழுதுனாங்க. (அதுல வேலை பாக்குற பொம்பளைங்களக் குத்தம் சொல்லல, அவங்கள நம்பித்தான் பாதி வீட்டுல அடுப்பு எரியுது.) எண்ணூர், பழவேற்காடு பக்கம் காக்கா ஆழின்னு ஒரு தென் அமெரிக்க சிப்பி மண்ண மூடிக் கெடக்கு, அது கப்பல் ஆடாம இருக்க அடியில ரொப்பிக்கிட்டு வர்ற தண்ணில வந்திருக்கும்னுதான் சொல்றாங்க. சீமைக்கருவேலத்தக்கூட அமெரிக்காக்காரன் சதி பண்ணி விதைச்சான்னு ஊருக்குள்ள பேச்சு இருக்கு, விறகுக்குன்னு நம்ம அரசாங்கம் தூவுனதுதான் அது. சதிய தேடிக்கிட்டு இருந்தா நம்ம கண்ணு முன்னாடி வந்து எறங்குறது தெரியாமப் போயிரும். வெள்ளைக்காரன் காலத்துல மண்டபம் கேம்ப்ல சிலோன் தோட்டத்துக்குப் போற கூலி ஆளுகள எறக்கி வச்சு நோய் பாத்துத்தான் கப்பல் ஏத்துனான். மனுசனுக்கு அப்ப செஞ்ச அந்த சோதனைய இன்னைக்கி பாசி விதைக்கும், இறால் குஞ்சுக்கும், கப்பல் தண்ணிக்கும் கறாரா செய்யணும். இறால் பண்ணை வச்சிருக்குற சொந்தக்காரங்க இருந்தா சொல்லுங்க, வெள்ளைப்புள்ளி நோய் வந்த குளத்துத் தண்ணிய குளோரின் போடாம ஓடையில தெறந்து விடுறது பக்கத்துப் பண்ணையையும் கெடுக்கும், கடல் நண்டையும் கெடுக்கும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. சுத்தமான வாட்டர் கேன் பாட்டில்ல அந்தப் பச்சைத் தண்ணிய ஒரு லிட்டர் மோந்து, புதுசா செத்த மீன் ரெண்டு மூணு எடுத்து ஐஸ்ல வச்சு (ஃப்ரீசர்ல வேண்டாம்), எந்த எடம், எத்தன மணின்னு எழுதி மீன்வளத்துறை ஆபீஸ்லயோ மண்டபத்துல இருக்குற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துலயோ குடுங்க. உடைஞ்ச டப்பா, ஊசி, சந்தேகமான பொட்டலம் எதுவும் கரை ஒதுங்குனா தொடாம 1093க்கு கூப்புடுங்க, கடலோரக் காவல் போலீஸ்.

ஆட்டை இந்த வாரம் கரைக்கு விடாதீங்க, செத்த மீன் கெடக்குற எடத்துல மேயவோ குட்டையில தண்ணி குடிக்கவோ வேண்டாம், அவ்வளவுதான். எந்த ஆடாச்சும் திடீர்னு செத்து, வயிறு ஊதி, மூக்கு, வாய், பின்பக்கம் கருப்பா உறையாத ரத்தம் வந்தா அது அடைப்பானா இருக்கலாம், நம்ம நாட்டுலயே இயற்கையா இருக்குற நோய்தான். அறுக்காதீங்க, தோல் உரிக்காதீங்க, காத்து பட்டா அந்தக் கிருமி விதையா மாறி மண்ணுல பல வருசம் கெடக்கும். 1962ங்குற கால்நடை உதவி நம்பருக்கு போன் பண்ணுங்க, டாக்டர் வந்து பாத்து சொன்னதும் ஆறடிக் குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடணும்.

அப்படி எதுவும் இல்லாம ஆடு நல்லா எரை எடுத்துக்கிட்டு இருந்தா விக்க ஒரு காரணமும் இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. வியாபாரியும் அதே ஆடியோவக் கேட்டுட்டுத்தான் வருவான், பாதி விலைக்குத்தான் கேப்பான்.