ஏரிக்கும் காட்டுக்கும் விலை போடுவது ஏமாற்று வேலையா?

ஏரி, காடு, காற்று என்று கடையில் விற்காததற்கெல்லாம் பொருளாதாரக்காரர்கள் கோடிக்கணக்கில் விலை சொல்கிறார்களே, அது என்ன கணக்கு, சும்மா அடித்துவிடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நிபுணன் இல்லை. எம்.ஏ. படித்தபோது ஒரு பேராசிரியருக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு பெங்களூரு அல்சூர் ஏரியைச் சுற்றி வீடு வீடாக ஏறி இறங்கியவன், அவ்வளவுதான். தமிழ்ப் பையன் என்பதால் தமிழர்கள் நிறைய இருக்கும் மர்பி டவுன் பக்கம் என் தலையில் விழுந்தது.

கேட்க வேண்டியது இதுதான். ஏரியில் சாக்கடை கலக்காமல் தடுக்க ஒரு திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக உங்கள் தண்ணீர் பில்லோடு மாதம் இத்தனை ரூபாய் சேர்த்து வாங்கினால் சம்மதமா, இல்லையா? தொகை வீட்டுக்கு வீடு மாறும், இங்கே 20 என்றால் அடுத்த வீட்டில் 100. எந்தத் தொகைக்கு எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள் என்று பார்த்து, ஒரு குடும்பம் எவ்வளவு தர மனசு வைக்கும் என்று ஓர் எண்ணைப் பிடித்து, அதை ஊரில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் கோடி தானாக வந்துவிடும். முதல் தெருவிலேயே மாட்டிக்கொண்டேன். பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். "பில்லு ஹவுஸ் ஓனருக்குத்தானே வருது, அவரைக் கேளுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூன்றாவது நாள் ஓர் இட்லிக் கடை. மாவுக் கரண்டியைக் கீழே வைக்காமலேயே அந்த அம்மா முழுக் கேள்வியையும் கேட்டார். "நான் எதுக்குப்பா குடுக்கணும்? சாக்கடையைத் திறந்துவிட்டவன் எவனோ, அவன்கிட்ட போய் வாங்கு." நான் தாளில் சுழியம் போட்டேன். அவர் விடவில்லை. "சரி, நாளைக்கு இந்த ஏரியை மூடிடறாங்கன்னு வெச்சுக்கோ, அப்போ எனக்கு எவ்ளோ தருவாங்க?" அதற்கு என் தாளில் கட்டமே இல்லை.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார், ஏனென்றால் இந்தத் துறையின் பழைய சண்டையே அதுதான். "எவ்வளவு தருவாய்" என்றால் பதில் பர்ஸைத் தாண்டிப் போகாது. "இழப்பதற்கு எவ்வளவு கேட்பாய்" என்றால் அந்த வரம்பு கிடையாது. ஒரே பொருளைப் பற்றித்தான் இரண்டு கேள்வியும், ஆனால் இரண்டாவதில் வரும் தொகை பெரும்பாலும் பல மடங்கு பெரிது. ஆக, ஏரி யாருடையது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேள்வியையே எழுதுகிறோம்.

கேட்காமலும் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். 1947-இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளாதாரக்காரர் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார்: மக்கள் எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு செலவழித்து வருகிறார்கள் என்று பாருங்கள், மதிப்பை அதிலிருந்து கணக்கிடலாம் என்று. பெங்களூருக்கு வெளியே இருக்கிற நந்தி மலைக்கு அது சரி. அல்சூர் ஏரியைத் தினமும் சுற்றி நடக்கிற பெரியவருக்கோ செருப்புத் தேய்மானம்தான் செலவு. நல்ல இடம் வீட்டு வாசலில் இருந்தால் இந்தக் கணக்கில் அதற்கு மதிப்பே இல்லாமல் போகும், தமாஷ்தான். இன்னொரு வழி வீட்டு விலை: ஒரே மாதிரி இரண்டு ஃபிளாட், ஒன்றிலிருந்து ஏரி தெரியும், மற்றதிலிருந்து தெரியாது, வித்தியாசம் எவ்வளவு? பெங்களூரின் இன்னோர் ஏரியான பெல்லந்தூரில் 'லேக் வியூ' என்று கூடுதலாகக் கொடுத்து வாங்கிய நண்பர் ஒருவர் உண்டு. 2015-இல் அந்த ஏரி நுரை பொங்கி ரோட்டுக்குப் பறந்து, தீயும் பிடித்த பிறகு பால்கனிக் கதவு இடுக்கில் டேப் ஒட்டினார்.

போகாத இடத்துக்கும் மனிதன் மதிப்பு வைப்பானா என்ற கேள்வி பெரிய அளவில் வந்தது அலாஸ்காவில். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. இன்னொரு முறை இப்படி நடக்காமல் தடுக்க ஒரு திட்டத்துக்குப் பணம் தருவீர்களா என்று அலாஸ்காவையே பார்த்திராத குடும்பங்களிடம்கூடக் கேட்டார்கள். குடும்பத்துக்குச் சுமார் 31 டாலர் என்று வைத்து நாடு முழுக்கப் பெருக்கியதில் 280 கோடி டாலர் வந்தது. இப்படிக் கேட்டு வாங்கும் எண்ணை நம்பாதவர்களும் இருந்தார்கள். எண்ணெய்க் குட்டைகளில் பறவைகள் சாகாமல் தடுக்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்ட ஓர் ஆய்வில் 2,000 பறவைக்கு 80 டாலர், 20,000-க்கு 78, 2,00,000-க்கு 88 என்று வந்தது. ஜனங்கள் பறவையை எண்ணவில்லை, ஒரு நல்ல காரியத்துக்கு நன்கொடை எழுதினார்கள். கடைசியில் அமெரிக்க அரசு கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரண்டு நோபல்காரர்கள் தலைமையில் குழு போட்டது. கவனமாகக் கேட்டால் வழக்கில் இழப்பீட்டுப் பேச்சைத் தொடங்க இந்த எண் போதும் என்று 1993-இல் அந்தக் குழு சொன்னது. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. தொடங்கத்தான் அது, முடிக்க இல்லை.

நம் ஊரில் இது நிஜப் பணம். நீலகிரியின் கூடலூர்க் காட்டைக் காப்பாற்ற 1995-இல் போட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு வளர்ந்து வளர்ந்து, வேறு வேலைக்குக் காட்டை எடுப்பவர் அதன் நிகர மதிப்பை, அதாவது அந்தக் காடு இனி தரப்போகும் பயன்களின் இன்றைய மதிப்பைக் கட்ட வேண்டும் என்ற இடத்துக்கு வந்தது. பொருளாதாரக்காரர் காஞ்சன் சோப்ராவின் குழு கணக்குப் போட்டுக் கொடுத்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விகிதம் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் வரை. அதிகபட்சத்தையே எடுத்து வகுத்துப் பாருங்கள், மிக அடர்ந்த காடு சதுர அடி 10 ரூபாய்கூட வராது. பெங்களூரில் 30-க்கு 40 அடி வீட்டு மனை அளவுக்குக் காடு வேண்டுமென்றால் 12,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், இங்கே ஒரு மாத வாடகைக்கே அது போதாது. 2022-இல் விகிதத்தைக் கூட்டினார்கள், கூட்டியும் இந்த ஒப்பீடு பெரிதாக மாறாது. ஆனால் இந்த எண்ணும் இல்லாதிருந்தால் ரோடு போடுகிறவரின் கோப்பில் மரத்தின் விறகு விலையையும் பதிலுக்கு மரம் நடும் செலவையும் தாண்டி காட்டுக்கு என்று ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. திட்டுவதா, தாங்கிப்பிடிப்பதா என்று எனக்கே சில நாள் குழப்பம்தான்.

ஏமாற்று வேலையா என்றால், பெருக்கல் கழித்தலில் ஏமாற்று கிடையாது. யாரைக் கேட்கிறார்கள், எதை வெட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம். இட்லிக் கடை அம்மாவின் தாளில் நான் போட்ட சுழியம் தப்பு என்று பிறகு தெரிந்தது. கையில் காசு இல்லை என்பவருக்குத்தான் சுழியம்; 'நான் ஏன் தரணும்' என்பவருக்கு 99 என்று ஒரு குறி, அது எதிர்ப்பு விடை. சாயங்காலம் உட்கார்ந்து அழித்து எழுதினேன். கணினியில் ஏற்றியபோது 99 போட்ட வரிசைகளை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுத்தார்கள்.