ஆற்றில் இறங்குமுன்: வாசகர் கேள்வி-பதில்

ஆகஸ்டில் குடும்பத்தோடு ஒகேனக்கல் செல்ல இருக்கிறோம். பரிசல் ஓடுமா என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? செய்திகளில் சொல்லும் ‘கனஅடி’யை வைத்து என்ன முடிவுக்கு வருவது? (வாசகி, சேலம்)

ஒரு கனஅடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். விநாடிக்கு 10,000 கனஅடி வருகிறது என்றால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 23 ஒவ்வொரு விநாடியும் உங்கள் எதிரே கவிழ்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கேட்டதும் இந்தக் காட்சி மனத்தில் வந்துவிட்டால் பாதிக் கவனம் தானாக வந்துவிடும்.

ஆனால் ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்துக் கிளம்பிவிடாதீர்கள். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீர்வரத்து நாளிதழ்களில் தினமும் வருகிறது. அதற்கும் மேலே போய், கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் நிலவரத்தையும் பாருங்கள். கபினி சிறிய அணை. வயநாட்டில் கனமழை பெய்தால் விரைவில் நிரம்பி, உபரிநீர் அப்படியே கீழே வரும். கிருஷ்ணராஜ சாகரின் முழுக் கொள்ளளவு மட்டம் 124.80 அடி. மட்டம் அதை நெருங்கியிருக்கும்போது குடகில் மழை என்று செய்தி வந்தால், தர்மபுரியில் வெயில் கொளுத்தினாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2024 ஜூலை இறுதியில் நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது இப்படித்தான்.

நீர்வரத்து அதிகரித்தால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட ஆட்சியர் தடை விதிப்பார். அந்த நேரத்தில் “வேறு துறையிலிருந்து கூட்டிப்போகிறேன், கொஞ்சம் கூடக் கொடுங்கள்” என்று யாராவது அணுகினால் ஏறவே ஏறாதீர்கள். இதை மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்: தடை இருக்கும் நாளில் பரிசல் கவிழ்ந்தால், தேடுவதற்குக்கூட ஆற்றில் ஆள் இறங்க முடியாது. தடை நீங்கிய முதல் ஓரிரு நாட்களும் பாறைகளில் வண்டல் படிந்து வழுக்கும். குழந்தைகள் உடன் வருவதால் அந்த நாட்களையும் தவிர்ப்பது நல்லது.

குற்றாலத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென வெள்ளம் வந்துவிடுகிறதே, அது எப்படி? (வாசகர், விருதுநகர்)

நீங்கள் நிற்பது அருவியின் காலடி. மழை பெய்வது மலையின் தலையில். நடுவில் இருப்பது சரிவான பாறையும் ஒடுங்கிய ஓடையும். பெய்த மழை தேங்கி நிற்க அங்கே இடம் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மே மாதம், சாரல் சீசனே தொடங்காத நேரம் அது.

ஆகவே மேற்கே மலையுச்சியைக் கவனியுங்கள். உச்சி கறுத்திருந்தால் உடனே வெளியேறுங்கள். தண்ணீரும் முன்னறிவிப்புத் தரும். தெளிவாக விழுந்துகொண்டிருந்த நீர் லேசாகக் கலங்கும், சருகும் குச்சியும் கலந்து வரும், மண்வாசனை எழும், இரைச்சல் கனக்கும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் செருப்பு, சோப்புப் பெட்டி எதையும் தேட வேண்டாம், மேடேறுங்கள். காட்டாற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு, அவ்வப்போது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கல் நனைந்து மூழ்கத் தொடங்கினால் இலையைச் சுருட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

கோடையில் கொள்ளிடத்தில் முழங்கால் அளவுதானே தண்ணீர்! குழந்தைகள் விளையாடினால் என்ன? (வாசகர், திருச்சி)

முழங்கால் அளவு என்பது நீங்கள் நிற்கும் இடத்தில். இரண்டு எட்டுத் தள்ளி மணல் அள்ளிய பள்ளம் இருக்கலாம். அதன் விளிம்பு மணல் இறுகியிருக்காது. கால் பட்டதும் சரிந்து, ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று, நான்கு பேர் ஒன்றாகப் போகிற கொடுமை பெரும்பாலும் இந்தப் பள்ளங்களில்தான் நடக்கிறது. தெளிந்த நீரில் கண்ணையும் நம்ப முடியாது. ஒளி விலகுவதால் 4 அடி ஆழம் மேலிருந்து பார்க்க 3 அடியாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கழியால் ஊன்றிப் பார்த்தபடி முதலில் நடந்து, எதுவரை போகலாம் என்று இரண்டு குச்சிகளை நட்டுவையுங்கள்.

தடுப்பணை, கதவணைகளின் கீழ்ப்புறம் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். மேலிருந்து விழும் நீர் அடியில் போய், மேற்பரப்பில் மறுபடி அணையை நோக்கியே திரும்பும். அதில் சிக்கியவரை அது வெளியே விடாது. கரையிலிருந்து பார்த்தால் வெறும் நுரையாகத்தான் தெரியும்.

எங்கள் ஊர் ஏரியில் நண்பர்களோடு கயாக் ஓட்ட விரும்புகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? (வாசகர், செங்கல்பட்டு)

முதலில் ஊர்க்காரர் ஒருவரிடம் மடை எங்கே, கலுங்கு (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்) எங்கே, வண்டல் எடுத்த குழிகள் எங்கே என்று கேளுங்கள். மடை திறந்திருந்தால் அதன் அருகே நீர் உள்ளிழுக்கும்; மேலே சலனமே தெரியாது. கலுங்கு வழிந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் துடுப்பும் காலும் மாட்டிக்கொள்ளும்.

காற்றையும் பாருங்கள். காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்புங்கள். களைத்த பிறகு எதிர்க்காற்றில் துடுப்புப் போடுவது கடினம். இடி கேட்ட உடனே கரையேற வேண்டும். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் நீர் பாசி படர்ந்திருந்தால் அதில் நச்சு இருக்கலாம். அன்று இறங்க வேண்டாம். கனமழைக்குப் பின் சாக்கடை கலந்த ஏரியில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. காலில் புண் இருப்பவர்கள் கரையிலேயே இருந்துவிடட்டும்.

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். லைஃப் ஜாக்கெட் அவசியமா? (வாசகர், ஈரோடு)

அவசியம். தலையில் பாறை இடித்து மயங்கியவருக்கு நீச்சல் உதவாது. வாரை இறுக்கிக் கட்டுங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காதுவரை ஏறக் கூடாது.

கண்ணெதிரே ஒருவர் மூழ்கினால் என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

பயிற்சி இல்லாதவர் நீரில் குதிக்கக் கூடாது. கயிறு, நீண்ட கழி, முடிச்சுப் போட்ட புடவை, மூடி இறுக்கிய காலி கேன் என்று கையில் கிடைப்பதை எறியுங்கள் அல்லது நீட்டுங்கள். நீட்டும்போது படுத்துக்கொள்ளுங்கள், நின்றால் அவர் இழுக்கும் வேகத்தில் நீங்களும் விழுவீர்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கரையேற்றியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நுரையீரலில் நீர் புகுந்திருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரும்.