அந்தச் சிலிக்கோன் ரியூபைத் திருப்பிக் கொடுங்கள், தம்பி

செப்டெம்பரில் கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் குடியேறியிருக்கிறீர்கள். தை பிறந்ததும் படுக்கையறைக் கதவைச் சுற்றியுள்ள மரச்சட்டம் சுவரை விட்டு விலகி, ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. நீங்கள் கதவை அடித்துச் சாத்தியதால்தான் என்கிறார் வீட்டுக்கார அம்மா. பயந்துபோய், வெடிப்பை அடைக்கும் சிலிக்கோன் பசை ரியூப் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எப்படிப் பூசுவது என்று கேட்கிறீர்கள். கூடவே குளிர்ச் சப்பாத்து, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கணக்கு. சப்பாத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்ற இரண்டுக்கும் வரிசையில் நின்றால் போதும். நான் கதவுக்கு வருகிறேன்.

ரியூபின் வாயை வெட்டாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள். சிலிக்கோன் குளியல் தொட்டி ஓரத்துக்கு உரியது. அதன்மேல் பெயின்ற் பிடிக்காது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 1989 நவம்பரில் வந்து இறங்கினேன். அடுத்த மாரியில் நான் இருந்த வீட்டிலும் இதே வெடிப்பு. வீட்டுக்காரர் ஊர்க்காரர், தூரத்து உறவும்கூட. நல்ல பெயர் எடுக்கலாம் என்று ஐந்து கதவுகளுக்கும் சிலிக்கோனை இழுத்துவிட்டேன். சித்திரையில் அவர் பெயின்ற் அடித்தார். சேம்பிலையில் தண்ணீர் விட்டதுபோல் அந்தக் கோடு நெடுகப் பெயின்ற் உருண்டு விலகி நின்றது. பிளேட்டும் கையுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சுரண்டினேன். சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத பசை மரத்தில் தங்கிவிடும். அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. கடைசியில் சேதம் என்று சொல்லி 200 டொலரை நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு அது எனக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக்கடைச் சம்பளம்.

உறவுக்காரர் வீடு என்றால் பேச்சோடு விடாதீர்கள், எழுத்தில் வையுங்கள். கடைசி மாத வாடகையும் சாவிக்கான சிறு தொகையும் தவிர, சேதத்துக்கென்று முற்பணம் வாங்க ஒன்ராறியோவில் வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. வீட்டைப் பழுதுபார்த்து வைப்பது 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி அவர் பொறுப்பு. ஆனால் அந்த அம்மாவோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்கிறீர்கள் என்றால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அதை முதலில் பாருங்கள். எப்படியானாலும் இன்றே திகதியோடு படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

வெடிப்பு ஏன் வருகிறது? ஊரில் நாள் பார்த்து நிலை வைப்போம். அதைச் சுற்றிக் கல்லும் சீமெந்தும் ஏறும். சுவரே நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே சுவர் முதலில் எழும்புகிறது. கதவுக்கு விடும் வாயில் நிலையைவிடப் பெரிது. நிலையை உள்ளே நிறுத்தி, ஆப்புச் செருகி, நேர் பார்த்து ஆணி அடிப்பார்கள். மிச்ச இடைவெளியை மறைக்கத்தான் ட்ரிம் என்கிற அந்த மரச்சட்டம். மாரியில் வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே இழுத்து 22 பாகைக்குச் சூடாக்கினால் வீடு கருவாடு காயப்போட்ட பந்தலாகிவிடும். மரம் சுருங்கும், ஜிப்சம் சுவர் அவ்வளவாகச் சுருங்காது. யூலையில் பாருங்கள், பாதி வெடிப்பு தானாக மூடியிருக்கும். நீங்கள் கதவை அடித்ததற்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

எங்கள் ஆட்கள் சிலர் வெப்பத்தை 26இல் வைத்துவிட்டு வீட்டுக்குள் பனியனோடு நடமாடுவார்கள், பிறகு கட்டியவனைத் திட்டுவார்கள். இருபது டொலருக்குள் ஓர் ஈரமானி கிடைக்கும். மாரியில் 30 முதல் 40 வீதம் இருந்தால் நல்லது. கடுங்குளிரில் அதற்கு மேல் ஏற்றினால் ஜன்னல் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். வெடிப்பு ஒரு பக்கம் மெல்லியதாகத் தொடங்கி மறுபக்கம் அகன்றுகொண்டே போகிறதா? கதவு மூலையிலிருந்து சுவரில் சாய்வாகக் கோடு ஓடுகிறதா? கதவு புதிதாக இறுகுகிறதா? அப்படியானால் வீடு அசைந்துகொண்டிருக்கக்கூடும். பூசி மறைக்கக் கூடாது. பென்சிலால் ஒரு கோடும் திகதியும் போட்டுவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். 1960க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். உரசாதீர்கள், சுரண்டாதீர்கள்.

இதெல்லாம் இல்லை, அவரும் சம்மதித்துவிட்டார் என்றால், பெயின்ற் அடிக்கக்கூடிய அக்ரிலிக் ரியூப் வாங்குங்கள். நான் மாசி மாதத்தில்தான் பூசுவேன். வெடிப்பு அப்போதுதான் ஆக அகலம். பிறகு மரம் ஊதி அதை நெருக்குமே தவிர இழுத்துக் கிழிக்காது. கோடையில் பூசியவர்கள் மார்கழியில் மறுபடி என்னைக் கூப்பிடுகிறார்கள். சுவருக்குப் பூசும் கெட்டிக் களி வேண்டாம், வெடித்து உதிரும். அரை சென்ரிமீற்றருக்கு மேல் அகலமென்றால் முதலில் நுரைக்கயிறு ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு அதன்மேல் பூச வேண்டும்.

எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித்தந்தவர் ஒரு இத்தாலியத் தச்சர். முதல் நாள் வேலைத்தளத்தில் "அந்தக் கன்னை எடு" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை, கன் என்றால் எனக்குத் துப்பாக்கிதான். அப்படியே நின்றுவிட்டேன். அவரே குனிந்து, ரியூபைச் செருகி அழுத்தும் அந்த இரும்புக் கருவியை என் கையில் வைத்தார். நுனியைச் சாய்வாக, அரிசி மணி அளவுக்குத்தான் வெட்டுவார். நிறுத்தாமல் ஒரே இழுப்பு. பிறகு நனைத்த விரலால் ஒரே தடவல், ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கம். இரண்டாம் தரம் தடவினால் கையில் தட்டுவார். இப்போது வீடு வாங்கியதும் ஒரு வீடியோ பார்த்துவிட்டு ஒன்பது தடவை தடவுகிறார்கள். கதவு நெடுக எறும்பு ஊர்ந்த தடம்.

மிச்ச ரியூபின் வாயில் ஓர் ஆணியைச் செருகி வீட்டுக்குள் வையுங்கள். காரில் விடாதீர்கள். தண்ணீர் கலந்த சரக்கு, உறைந்தால் போய்விடும். 1994 தை மாதம் ஒரு பெட்டி நிறைய ரியூப்களை இரவு முழுக்க வான் வண்டியில் மறந்துவிட்டேன். காலையில் அழுத்தினால் பன்னிரண்டிலும் திரைந்த பால்தான் வந்தது. இத்தாலியர் ஒன்றும் பேசவில்லை. கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்று சொல்லி, தன் கோப்பியில் பாதியை எனக்கு ஊற்றினார்.