மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி மட்டும் போதுமா?

கீழாநெல்லி மட்டும் போதாது என்பதே என் பதில். அதற்காக அந்த மூலிகையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் மாட்டேன்.

மழைக்குப் பின் வரப்பிலும் கிணற்றடியிலும் தானாக முளைக்கும் இச்செடியின் இணுக்கு ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் சிறு பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். எங்கள் வீட்டில் அதை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் விழுதாக அரைத்து, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கசப்பு வெகுநேரம் நாக்கை விட்டுப் போகாது. கூடவே உப்பில்லாப் பத்தியமும் உண்டு. செந்தண்டுள்ள இனமொன்றும் ஏறத்தாழ இதே தோற்றத்தில் வளர்வதால், கடைப்பொடியை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நவீன மருத்துவமும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினரும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிவியலாளர் புளும்பெர்க்கும் இணைந்து நடத்திய ஆய்வு 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அவ்வைரஸை நெடுநாள் உடலில் சுமந்தவர்களுக்குச் செடிப்பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தனர். பின்னர் சோதித்தபோது, 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில், வைரஸ் இருப்பதைக் காட்டும் அதன் மேலுறைப் புரதம் தென்படவில்லை. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த இந்த முடிவு, பிற இடங்களில் நடந்த பரிசோதனைகளில் அதே அளவில் கிட்டாததால், கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி சிகிச்சையில் இடம்பெறாமலே போயிற்று.

அப்படியானால் ஊரெங்கும் எத்தனையோ பேருக்குக் குணமானது எப்படி? அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த நாள்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்கே போகும். பித்தநாளத்தில் கல் அடைத்தாலும், எலிக்காய்ச்சல் வந்தாலும் கண் மஞ்சளாகத்தான் தெரியும், ஆனால் அவை காத்திருக்க விடுபவை அல்ல.

ஆகவே முதலில் பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் நிறமி) உள்ளிட்ட இரத்தப் பரிசோதனையைச் செய்து, காரணம் தெரிந்தபின், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கீழாநெல்லியைக் குடியுங்கள். நோயாளி கர்ப்பிணியாக இருந்தாலோ, அவருக்கு மயக்கமோ பிதற்றலோ கண்டாலோ, ஒரு வேளைகூடத் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பச்சிளங்குழந்தைக்கு இந்தச் சாற்றைப் புகட்டவே வேண்டாம்.