பையனின் பசியும் நாலு மணிச் சாப்பாடும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, மனைவிக்கு விசா வர இன்னும் நாளாகும், பதினான்கு வயதுப் பையனை வைத்துக்கொண்டு வேலைக்கும் போய்ச் சமையலும் பார்க்கிறீர்கள். அவனோ சாப்பிட்ட தட்டு காய்வதற்குள் மறுபடி பசிக்கிறது என்கிறான். இது ஏதாவது வியாதியா, கையைக் கடிக்காமல் வயிறும் நிறைந்து உடம்புக்கும் நல்லதாக என்ன கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கடன், குளிர்ச்சட்டை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்ல நம்மவர்களில் ஆளுக்கா பஞ்சம், கேட்காமலே சொல்வார்கள். நான் பசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வியாதி என்று பயப்படாதீர்கள். பையன்கள் மிக வேகமாக வளர்வது பதின்மூன்று, பதினான்கு வயதில்தான். அந்த உச்ச வருடத்தில் 9, 10 சென்டிமீட்டர் உயர்வது சாதாரணம். எலும்பு நீள்கிறது, தசை கூடுகிறது, ரத்தம் பெருகுகிறது. இத்தனைக்கும் சரக்கு வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் நடுவயதுக்காரருக்கு ஒரு நாளைக்கு 2200 கலோரி போதும். ஓடி விளையாடுகிற 14 வயதுப் பையனுக்குச் சுமார் 2800 வேண்டும். அதாவது உங்களைவிட அவன் கூடுதலாகச் சாப்பிட்டால்தான் கணக்குச் சரி. ஆகவே "என்னடா இப்படித் தின்கிறாய்" என்று அவனிடம் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அங்கேயே பேச்சை மாற்றிவிடுங்கள். புது ஊர், புதுப் பள்ளி, புரியாத பேச்சு என்று அவனுக்கு ஏற்கெனவே போதும். சாப்பிடவும் கூச்சப்பட ஆரம்பித்தால் ஒளித்துத் தின்பான், அதைத் திருத்துவது பெரும்பாடு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பசியோடு தாகமும் அதிகமாகி, ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து, இவ்வளவு சாப்பிட்டும் எடை இறங்கினால் அது வளர்ச்சிப் பசி அல்ல. டைப் 1 சர்க்கரை நோய் தலைகாட்டுகிற வயது இது. அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டை இன்னும் தபாலில் வரவில்லை என்று காத்திருக்காதீர்கள். வாந்தியும் மூச்சுவாங்கலும் சேர்ந்துகொண்டால் நேரே அவசரச் சிகிச்சைதான்.

நாங்கள் வந்தபோது என் மகனுக்கும் ஏறக்குறைய இதே வயது. நம்மவர்கள் நாலு குடும்பம் சேர்ந்து இருந்த பழைய வீடு. ஒரே சமையலறை, ஒரே ஃபிரிட்ஜ், குடும்பத்துக்கு ஒரு தட்டு. கடைசியாக வந்த எங்களுக்கு அடித்தட்டு. அதில் பால் டப்பாவை நிறுத்தி வைக்க உயரம் போதாது, படுக்கப் போட்டால் மூடி வழியாகக் கசியும். மனைவிக்கு ராத்திரி வேலை என்பதால் பகலில் தூங்குவாள், சமையல் என் தலையில். பையன் பள்ளி விட்டு வந்ததும் தோளில் மாட்டிய பையை இறக்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறும் ரொட்டித் துண்டை இரண்டாக மடித்து வாய்க்குள் தள்ளுவான். முழுங்குவதற்குள் அடுத்த துண்டு கையில் இருக்கும். ஒரு நாள் அது மேல்தட்டுக்காரர் ரொட்டியாகப் போய்விட்டது. அவர் எங்களுக்கு ஐந்து வருடம் முன்னால் வந்தவர், அந்த ஐந்து வருடத்தைத் தோளில் சால்வை மாதிரிப் போட்டுக்கொண்டு நடப்பார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, 'அடுத்தவர் பொருளைத் தொடாதீர்கள்' என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினார். வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும், அவர் எழுதியது ஆங்கிலத்தில். முன்னால் வந்தவன் பின்னால் வந்தவனை நடத்துகிற விதத்தை இன்றைக்கும் பார்க்கிறேன், மாறவே இல்லை.

அதற்கு நான் பதில் எழுதி ஒட்டவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பே உருளைக்கிழங்கும் முட்டையும் அவித்து, ஒரு பாத்திரம் நிறையக் கெட்டியாகப் பருப்பும் வைத்து, எங்கள் அடித்தட்டை அடைத்துவிட்டுப் போனேன். நாலு மணிக்கு வந்து எடுத்துச் சூடாக்கிச் சாப்பிடு என்றேன். அதன்பிறகு அவன் மேல்தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். பள்ளி விட்டு வந்ததும் அவனுக்குச் சாப்பாடு கொடுங்கள், நொறுக்குத்தீனி அல்ல. யோசித்துப் பாருங்கள், மதிய இடைவேளை பல பள்ளிகளில் சின்னது, புதுப் பையனுக்குப் பாதி நேரம் எங்கே உட்காருவது என்று தேடுவதிலேயே போய்விடும். டப்பாவைத் திறக்கக் கூச்சப்பட்டுச் சாப்பிடாமலும் இருந்திருப்பான். திரும்பி வருகிற டப்பாவின் எடையைப் பார்த்தாலே தெரியும். அப்படி வருகிறவன் நீங்கள் வேலையிலிருந்து வந்து எட்டு மணிக்குச் சமைத்து முடிக்கும்வரை என்ன செய்வான்? சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ் என்று கைக்குக் கிடைத்ததை முடிப்பான். பிறகு சத்தாகச் சமைத்து வைத்ததைக் கொறித்துவிட்டு எழுந்து, பத்தரைக்கு மறுபடி அலமாரியைத் திறப்பான். பெரிய சாப்பாட்டை நாலு மணிக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி உங்களோடு உட்கார்ந்து சின்னதாக இன்னொரு சாப்பாடு சாப்பிடட்டும். தூக்கமும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

என்ன வைப்பது என்றால், பசி தாங்குவதை வையுங்கள். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 38 உணவுகளை ஒரே அளவு கலோரியில், 240 கலோரி வீதம், கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைந்த மாதிரி இருக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், அவித்த உருளைக்கிழங்குக்கு 323. கடைசியில் நின்றது குரோசான் என்கிற வெண்ணெய் அடுக்கு ரொட்டி, வெறும் 47. மீனும் ஓட்ஸ் கஞ்சியும் 200-க்கு மேல், ஆரஞ்சும் அப்படித்தான். இதைப் படித்தபோது என் அடித்தட்டு உருளைக்கிழங்கு நினைவுக்கு வந்து எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. ஆனால் அவித்ததற்குத்தான் அந்த மதிப்பு, எண்ணெயில் பொரித்ததற்கு இல்லை.

வெறும் சோற்றைக் குவித்துத் தண்ணீராக ஒரு குழம்பை ஊற்றினால் அவனுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சோற்றைக் குறைக்க வேண்டாம், அவனுக்கு அந்தக் கலோரி வேண்டும். பருப்பு, பயறு, முட்டை, கோழி, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று தட்டில் சோற்றுக்குச் சமமாக இருக்கட்டும், காய் அதற்குப் பக்கத்தில். பருப்பை எப்போதும் கெட்டியாக வையுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம், எடை குறைக்க நினைக்கிற நடுவயதுக்காரனின் சாப்பாடு வளர்கிற பையனுக்கு ஆகாது. சுண்ணாம்புச் சத்து இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் வேண்டும். ஒரு பெரிய தம்ளர் பாலில் கிடைப்பது சுமார் 300, மிச்சத்துக்குத் தயிர், கீரை என்று பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் சுண்ணாம்புச் சத்து சேர்த்த சோயாப் பால் வாங்கலாம், ஆனால் டப்பாவை நன்றாகக் குலுக்கி ஊற்றச் சொல்லுங்கள், சத்து அடியில் தங்கிவிடும். பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ ஆரஞ்சோ கூட இருந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். டீ சாப்பாட்டோடு வேண்டாம், அப்புறம் குடிக்கட்டும். வேர்க்கடலை நல்ல சாமான்தான், பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் முன் விதியைக் கேளுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகப் பல பள்ளிகளில் தடை உண்டு.

இனி, புரதப் பொடி. நம்மவர் வீடுகளில் இப்போது இது ஒரு நோய். பையனுக்கு மீசை அரும்பினால் போதும், வாளி அளவு டப்பா ஒன்று வந்துவிடுகிறது. பாலும் முட்டையும் விலை ஏறிவிட்டது என்று மூக்கால் அழுகிற அதே ஆட்கள்தான் இதற்குக் கேள்வி கேட்காமல் காசை எடுத்து நீட்டுகிறார்கள். பதினான்கு முதல் பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படும் புரதம் 52 கிராம். இரண்டு முட்டையில் 12, ஒரு கப் வெந்த பருப்பில் 18, இரண்டு தம்ளர் பாலில் 16, ஒரு பிடி வேர்க்கடலையில் 7. கூட்டிப் பாருங்கள், சோற்றையும் ரொட்டியையும் சேர்க்காமலே 53 வருகிறது.

எனர்ஜி டிரிங்க் வீட்டுக்குள் வரக் கூடாது. 250 மில்லி டப்பா ஒன்றிலேயே சுமார் 80 மில்லிகிராம் காஃபின், பெரிய டப்பாவில் இரட்டிப்பு. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இது வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2011-இலேயே சொல்லிவிட்டது. சாதாரணக் குளிர்பானத்திலும் 330 மில்லிக்கு ஒன்பது தேக்கரண்டிச் சர்க்கரை அளவுக்கு இருக்கும், பசிக்கு ஒரு பயனும் இல்லை. நூடுல்ஸ் பொட்டலத்தை எப்போதாவது தின்னட்டும், ஆனால் மசாலாவில் பாதியைப் போட்டு முட்டையும் காயும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தச் சின்ன மசாலா உறையில்தான் உப்பில் பெரும்பங்கு இருக்கிறது. என் மகன் பீட்சா தவிர வேறு எதுவும் தொடமாட்டான் என்று பெருமையாகச் சொல்லித் திரிகிற அப்பாக்களும் இருக்கிறார்கள். பிள்ளை ஊரோடு ஒட்டிவிட்டான் என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம்!

சமைத்து வைத்துவிட்டுப் போகிறவருக்கு இரண்டு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மா மலிவு, வயிறு தாங்கும், வாங்குங்கள். ஆனால் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து பயறு வயிற்றுக்குள் போனாலே வாந்தியும் பேதியும் வரும், அதில் இயற்கையாகவே ஒரு நஞ்சு இருக்கிறது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின் பானையில் நேரடியாகப் போடாதீர்கள், அந்தச் சூடு நஞ்சை முறிக்கப் போதாது. அந்தப் பழைய வீட்டில் ஒருவர் அப்படிப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் கழிவறையைப் பிடித்துக்கொண்டார், நாங்கள் வாசலில் வரிசை. டப்பாவில் அடைத்து வருவது முன்பே வெந்தது, பயமில்லை. அடுத்தது சோறு. சூடேற்றிய அடைத்த வீட்டில் மிச்சச் சோற்றை அடுப்பு மேலேயே விட்டுவிடாதீர்கள். வேகும்போது சாகாமல் தங்கும் கிருமி ஒன்று அதில் நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். மாவு அரைக்கும் இயந்திரம் கொண்டுவராமல் போனோமே என்று வருத்தப்பட்டிருந்தீர்கள், அதை விடுங்கள். ஒரு பிரஷர் குக்கரும் பெரிய ஃபிரீசரும் இருந்தால் இங்கே ராஜா மாதிரி வாழலாம்.

அப்புறம், அவனையே அடுப்பில் நிறுத்துங்கள். பதினான்கு வயதுக்காரனுக்கு முட்டை உடைக்கவும், பருப்பைக் கழுவிக் குக்கரில் ஏற்றவும், ஓட்ஸ் காய்ச்சவும் தெரிய வேண்டும். என் மகன் முதலில் போட்ட முட்டையில் பாதி ஓடு. இரண்டு வருடத்தில் எனக்கும் சேர்த்துச் சமைத்தான். ராத்திரி வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு டப்பாவும் கட்டினான், அதில் அவளுக்கு உறைப்பு வேண்டும் என்று தனியாக மிளகு தட்டிப் போடுவான். சமையல் என்றால் பெண்பிள்ளை வேலை என்று அந்த வீட்டில் சிலர் சிரித்தார்கள். அவர்கள் மகன்கள் இன்றைக்கும் ஒவ்வொரு வேளையும் பார்சல்.

உங்கள் பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன், அதுவும் பசியோடு சேர்ந்த விஷயம் என்பதால். குளிர்ச்சட்டையைப் பழைய துணி விற்கும் கடையில், ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், கை நீளமாக இருந்தால் மடித்துக்கொள்ளட்டும். காலணி மட்டும் சரியான அளவில் ஒரு ஜோடி. இந்த வயதில் பாதம்தான் முதலில் வளரும். தள்ளுபடி என்று இரண்டு ஜோடி எடுத்தால் இரண்டாவது ஜோடி பெட்டியை விட்டு வெளியே வருவதற்குள் சின்னதாகிவிடும்.