எம்.எஸ்.டபிள்யூ.வா, பி.எட்.டா? கணிதம் படிக்கும் மகளின் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, வணக்கம்.

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடத்தில் இருக்கும் உங்கள் மகள் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம், படிக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டில் எல்லோரும் பி.எட். என்கிறீர்கள். எது நல்லது? கூடவே, வெளிமாநிலத்தில் காலேஜ் போகாமலே பி.எட். முடித்துத் தருவதாக ஒருவர் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் பொறுமையாகப் பேசி முடிவெடுக்கலாம். அதற்கு மட்டும் ஒரு ரூபாய் கூடக் கட்டிவிடாதீர்கள்.

பி.எட். முன்பு ஒரு வருடப் படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளுக்குப் பிறகு, 2015 முதல் இரண்டு வருடம். வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும். பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சிக்கு 90 சதவீதம். அந்தப் பயிற்சி மட்டும் மொத்தம் 20 வாரம். அதில் பெரும்பகுதி இரண்டாம் வருடத்தில் வருகிறது. வகுப்புக்கு வராத ஒருவருக்கு இதையெல்லாம் செய்ததாகச் சான்று தர வேண்டுமானால் யாரோ பொய்யாகக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நாளைக்கு அரசு வேலை கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டால், மாட்டிக்கொள்வது அந்தப் புரோக்கர் அல்ல, உங்கள் மகள். அப்புறம், தபாலில் பி.எட். படிக்கலாமே என்று யாராவது சொன்னால், அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கான வழி. இப்போதுதான் டிகிரி முடித்து வருகிறவர்களுக்கு அது கிடையாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

"எதற்கும் ஒரு பி.எட். இருக்கட்டும், பெண்பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாதுகாப்பு" என்று உங்களைப் போலவே நிறையப் பெற்றோர் சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் பி.எட். முடித்தால் டீச்சர் என்ற காலம் போய்விட்டது. இன்றைக்கு எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்த வகைப் பள்ளியில் ஆசிரியர் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு என்ன படிப்பு, என்ன தேர்வு என்று பின்னோக்கி வர வேண்டும். நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் சீட்டு வாங்குகிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அறிவிப்பை எடுத்துப் படிக்கிறோம்.

நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை மூன்று அடுக்கு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர். அதற்கு வேண்டியது பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்கும் இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயம். பி.எட். இதற்குச் செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே, "சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தால் போதும், அதற்கு பி.எட். படிக்கட்டும்" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரி நடக்காது. ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், அதாவது பி.டி. அசிஸ்டென்ட். பாடத்தில் இளநிலைப் பட்டம், பி.எட்., அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர். அதே பாடத்தில் எம்.எஸ்சி., பி.எட்., ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு. இதற்குத் தகுதித் தேர்வு கேட்பதில்லை.

சம்பளத்தையும் பாருங்கள். தொடக்க அடிப்படை ஊதியம் இடைநிலை ஆசிரியருக்கு 20,600 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுநிலைக்கு 36,900. அகவிலைப்படி தனி. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்நூறு ரூபாய்தானே, எதற்கு இரண்டு வருடம் எம்.எஸ்சி. என்று கேட்கலாம். பெரிய தனியார் பள்ளிகள் மேல் வகுப்புக் கணிதத்துக்கு எம்.எஸ்சி. படித்தவர்களையே தேடுகிறார்கள். நல்ல கணித ஆசிரியருக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு. அது ஒரு இரண்டாவது கதவு.

தகுதித் தேர்வைப் பற்றி வீடுகளில் இன்னும் தெளிவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி 2010 இல் இது கட்டாயமானது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 இல் நடந்தது. 150 கேள்வி, 150 மதிப்பெண். உங்கள் மகள் கணிதம் படித்தவள் என்பதால் இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் சேர்ந்த 60 கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மூன்று வருடம் உயிரியல் பக்கமே போகாத பிள்ளைகள் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மீதி 90 இல் குழந்தை உளவியல், தமிழ், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் 30. ஒருமுறை தேர்ச்சி பெற்றால் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். நல்ல விஷயம். ஆனால் தேர்ச்சி பெற்றாலே பணி நியமனம் இல்லை. 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். பி.எட். முடித்து, தகுதித் தேர்வில் தேறி, போட்டித் தேர்வு அறிவிப்புக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்றாகிவிட்டது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மகள் பி.எட். சேர்ந்தால் அரசு வேலை என்ற நாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். இடைப்பட்ட வருடங்களில் தனியார் பள்ளிச் சம்பளத்தில்தான் வண்டி ஓடும். சிறிய ஊர் மெட்ரிக் பள்ளிகளில் அது வீட்டு வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும் தொகை.

பி.எட். என்றே முடிவானால் எங்கே படிப்பது? அரசுக் கல்லூரிகள் ஏழு, அரசு உதவி பெறுபவை பதினான்கு. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 2,000 இடங்கள். மீதி எல்லாம் சுயநிதிக் கல்லூரி. மதுரைப் பக்கம் இருக்கும் உங்களுக்குத் தியாகராஜர் கல்லூரி, புனித ஜஸ்டின் கல்லூரி, காந்திகிராமம் லட்சுமி கல்லூரி எல்லாம் உதவி பெறும் கல்லூரிகளே. கட்டணம் குறைவு என்பதைவிட முக்கியமான காரணம், பயிற்சிக்கு நல்ல பள்ளிகளில் இடம் கிடைப்பது. கலந்தாய்வுக்கு அவளுடைய மதிப்பெண் போதுமா என்று போன வருடக் கட்-ஆஃப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்லவேளையாக, அவள் பட்டம் வெறும் 'கணிதம்' என்று இருக்கிறது. பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடுதலாக இருந்தாலே இணையான பட்டம்தானா என்று அரசாணை தேடி அலைய வேண்டிவரும். கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.எட். முடித்த பிள்ளைகள் பட்டதாரி ஆசிரியர் பணியிடமே இல்லாமல் எத்தனை வருடமாகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, இப்போது மகள் பக்கம்.

எம்.எஸ்.டபிள்யூ. என்றதும் "சேவை செய்யப் படிப்பு எதற்கு?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் இது பழைய படிப்புத்தான். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936 இல் தொடங்கப்பட்டது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952 இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இன்றைக்கும் எழும்பூரில் நடக்கிறது. மதுரையிலேயே சமூக அறிவியல் கல்லூரி இருக்கிறது. இரண்டு வருடமும் வாரத்தில் சில நாள் களப்பணி. மருத்துவமனை, சிறார் இல்லம், குடிசைப் பகுதி, தொழிற்சாலை என்று அனுப்புவார்கள். எந்த டிகிரியும் இதற்குப் போதும். கணிதம் படித்தவள் இதற்குப் போகலாமா என்ற சந்தேகம் வேண்டாம்.

வேலை எங்கே என்பது அவள் எடுக்கும் சிறப்புப் பிரிவைப் பொறுத்தது. மனிதவளப் பிரிவு எடுத்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை, திருப்பூர் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். 500 தொழிலாளர் உள்ள இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. சம்பளம் சீக்கிரம் வருவது இந்தப் பிரிவில். மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்தவர்கள் பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளராக, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக, சென்னையின் ஸ்கார்ஃப், பேன்யன் போன்ற மனநல அமைப்புகளில் வேலை செய்கிறார்கள். மனநலச் சமூகப் பணியாளர் என்ற பெயருக்கு 2017 மனநலச் சட்டம் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். கேட்கிறது. அது இன்னும் இரண்டு வருடம் என்பதையும் கணக்கில் வையுங்கள். குழந்தைகள், குடும்பப் பிரிவு படித்தவர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1098 உதவி எண், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம். இந்த அரசுத் திட்டங்களில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். பென்ஷன் கிடையாது, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பயம் நியாயமாக இருக்கும் இடம் இதுதான். அவளிடம் இதை மறைக்காமல் பேசுங்கள். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பது போல் சமூகப் பணியாளர் எல்லோருக்கும் பொதுவான பதிவு முறை நம் நாட்டில் இல்லை என்பதையும் சொல்லுங்கள். 2021 சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களை மட்டும் சுகாதாரத் தொழில் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நீங்களும் எழுதவில்லை, அவளும் சொன்னதாகத் தெரியவில்லை. சிறப்புக் கல்வி பி.எட்.

காது கேளாத, பார்வை இல்லாத, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் படிப்பு இது. இரண்டு வருடம். 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் படித்து, கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம் இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அளவுக்கு ஆள் இன்னும் இல்லை. நகரத்துத் தனியார் பள்ளிகளும் தெரபி மையங்களும் இவர்களைத் தேடிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வட்டார வள மையம் வழியாக வேலை செய்யும் சிறப்பாசிரியர்கள் நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள் என்பது உண்மை, அது எனக்கு வருத்தம் தரும் உண்மையும்கூட. இருந்தாலும் இந்தப் பட்டம், 2010 இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட தகுதிப் பட்டியலில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கான படிப்புகளிலும் ஒன்று. ஆக, நீங்கள் கேட்கும் ஆசிரியர் பட்டமும் அவள் கேட்கும் வேலையும் ஒரே படிப்பில் கிடைக்கின்றன.

ஆனால் இது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை, அம்மா. ஒரு குழந்தை ஸ்பூன் பிடிக்கப் பழகவே மாதங்கள் ஆகலாம். அதில் சந்தோஷப்படத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன். அவள் எம்.எஸ்.டபிள்யூ. என்று ஏன் சொல்கிறாள் என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. அதைக் கேட்டீர்களா? பக்கத்து வீட்டுக் குழந்தையோ, கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமோ, ஏதோ ஒன்று அவளை அந்தப் பக்கம் திருப்பியிருக்கும். கணக்குப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்பது மட்டுமே காரணமானால், சமூகப் பணி அதற்கு மருந்தில்லை. அப்போது எம்.எஸ்சி.யும் வேண்டாம், வேறு பேசுவோம்.

தேர்வு முடிந்து முடிவு வரும்வரை இருக்கும் விடுமுறையில், உங்கள் ஊரிலோ மதுரையிலோ ஒரு சிறப்புப் பள்ளியில் இரண்டு மூன்று வாரம் காலை நேரம் போய் உதவட்டும். தலைமையாசிரியரிடம் நீங்களும் கூடப் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதே விடுமுறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கட்டும். எந்த வேலைக்குப் போய்வந்த பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று நீங்கள் கவனித்து எனக்கு எழுதுங்கள்.

விண்ணப்பங்களில் எதையும் விட வேண்டாம். டாடா நிறுவனத்துக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் போக வேண்டுமென்றால் க்யூட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பது கடைசி வருடத்தின் நடுவில், டிசம்பர், ஜனவரி வாக்கில். மதுரை, சென்னைக் கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பம் கோடையில். பி.எட். கலந்தாய்வு அறிவிப்பு டிகிரி முடிவுகள் வந்த பிறகு. ஒன்றுக்குப் போட்டால் மற்றது போய்விடாது. சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இதுவரை வந்த பருவ மதிப்பெண் பட்டியல்களின் நகல் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு வைத்துவிடுங்கள். அரியர் ஏதாவது இருந்தால் அதை இந்தப் பருவத்திலேயே முடிக்கச் சொல்லுங்கள்.