கன்னத்தில் மங்கு: எலுமிச்சையை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வயது 36. இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருக்கிறது. மூன்று மாதமாக எலுமிச்சைச் சாறும் கஸ்தூரி மஞ்சளும் கலந்து பூசுகிறேன். நன்றாக எரிகிறது, ஆனால் குறையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மெடிக்கலில் கிடைக்கும் ஒரு ட்யூபைச் சொல்கிறார். வாங்கிப் போடலாமா, வீட்டு வைத்தியத்தையே தொடரலாமா?

பதில்: எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். இட்லிக் கொப்பரை ஆவி பட்டுக் கையில் சூடு விழுந்தால், புண் ஆறிய இடம் மாதக்கணக்கில் கருப்பாகவே நிற்கும், பார்த்திருப்பீர்கள். நம் தோலின் இயல்பு அது. எங்கே புண்ணானாலும் அங்கே கருக்கும். எலுமிச்சைச் சாறு கடுமையான புளிப்பு, தினமும் பட்டால் கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத புண்ணை உண்டாக்கும். அதைப் பூசிவிட்டு வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகவும் கூடும். நீங்கள் மங்கின் மேல் இன்னொரு கருமையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். பேக்கிங் சோடா, பற்பசை பூசச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். கற்றாழை, தயிர் பெரும்பாலும் கெடுதல் செய்யாது, ஆனால் மங்கை எடுக்கவும் எடுக்காது.

சரி, அந்த ட்யூப். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வாங்காதீர்கள். பெயரைக் கேட்காமலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மங்குக்கு என்று கவுன்டரில் எடுத்துத் தருபவை பெரும்பாலும் ஸ்டீராய்டு என்ற வீரியமான மருந்து கலந்த க்ரீம்கள். உறையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பொடி எழுத்தில் இருக்கும். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், தெருவே கேட்கும். மூன்று நான்கு மாதத்தில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். பரு கிளம்பும், கன்னத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும் என்பதால் மறுபடி அதையே தேடி ஓடுவார்கள். வாரம் தவறாமல் இப்படி ஒரு பெண்ணாவது என் முன்னால் அழுகிறார்.

இந்த க்ரீம்களை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே சட்டம் கடுமையாக்கப்பட்டது. இன்றும் சோப்பு வாங்குவது போல வாங்க முடிகிறது. பில் கேட்டால் முறைக்கிறார்கள். சோதிக்க வேண்டியவர்கள் எப்போது சோதிப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

பார்லர்களில் பெயரே இல்லாத டப்பாவில் 'நைட் க்ரீம்' தருபவர்கள் இன்னும் ஆபத்து. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டதை 2023-ல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்யலாம்? வெயிலையும் அடுப்பையும் முகத்திலிருந்து தள்ளி வையுங்கள். கர்ப்ப கால ஹார்மோன் தொடங்கி வைத்ததை வெயில்தான் வளர்க்கிறது, அனல் அதற்குத் துணை. கொப்பரை மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். வியர்வையை முந்தானையால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எஸ்.பி.எஃப். என்ற வெயில் தடுப்பு எண் 30-க்குக் குறையாத, தோல் நிறத்தில் வரும் டின்டட் சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். காலையில் ஒருமுறை போதாது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டும். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். அடுத்த சித்திரை வெயிலில் மறுபடி எட்டிப் பார்க்கும், அப்போதும் இதையேதான் செய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதுவும் காரணமாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் மாற்று கேளுங்கள், கருப்பையில் வைக்கும் காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களுடையது கன்னத்தில் இருப்பதால் மங்காகத்தான் தெரிகிறது. ஆனால் கருமை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள பொட்டுப் பக்கங்களில், காதுக்கு முன்னால், கழுத்து ஓரத்தில் இருந்தால் கதையே வேறு. அது தலைக்குப் பூசும் டையின் வேலையாக இருக்கலாம். 'நான் டை போடுவதில்லை டாக்டர், மருதாணிதான்' என்பார்கள். அரைத்த மருதாணி சிவக்கும், ஒரு மணி நேரத்தில் முடியைக் கன்னங்கரேலென்று ஆக்காது. கருப்பாக்கும் 'மருதாணி' பாக்கெட்டுகள் பலவற்றில் டையில் இருக்கும் அதே பி.பி.டி. ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது அரிக்காமலேயே ஒவ்வாமை தந்து மெல்ல மெல்லக் கருமையாக்கும். டையை நிறுத்தாமல் எந்த க்ரீம் போட்டாலும் பயன் இல்லை. குங்குமம் வைக்கும் இடம் மட்டும் கருத்தாலும் இப்படித்தான் யோசிக்க வேண்டும்.

மூன்று மாதம் பார்த்தும் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. ஒருநாள் கடையை மூடிவிட்டு வர வேண்டியிருக்கும், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ட்யூபை ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் உடனே வாருங்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வரும்போது இதுவரை முகத்திலும் தலையிலும் போட்ட எல்லாவற்றையும், காலி உறையானாலும் சரி, ஒரு பையில் எடுத்து வாருங்கள்.